நாய்த் தீனியை நான் காய வைத்த கதை

நெல்லைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்தத் திமிரில்தான் எல்லாம் நடந்தது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். நாற்று எது, களை எது என்று அவருக்கு இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருக்கிற ஐந்து ஏக்கரை முப்பது வருஷமாகப் பார்த்துக்கொள்வது நான்தான். ஒரு நெல்மணியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தால் போதும், ஈரம் பதினேழு சதவீதமா பத்தொன்பதா என்று சொல்லிவிடுவேன். கொள்முதல் நிலையத்தில் மெஷினில் போட்டுப் பார்க்கிறவர் என்னைக் கண்டால், "நீங்களே சொல்லிடுங்கம்மா, நான் எழுதிக்கிறேன்" என்று கேலி பண்ணுவார். எனக்கு அது கேலியாகப் படாது. மெடல் குத்திவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவேன்.

எங்களுக்கு ஒரே மகள். அவள் சென்னையில் வேலை பார்த்தபோது, தெருவில் கிடந்த ஒரு குட்டியை எடுத்து வளர்த்தாள். செம்பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும், என்ன சாதி என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. கூடப் பிறந்தவர் யாரும் இல்லாத குறைக்கோ என்னவோ, அதைத் தம்பி தம்பி என்றுதான் கூப்பிடுவாள். "உனக்குத் தம்பின்னா எனக்கு என்னடி? நான் எப்பப் பெத்தேன்?" என்று நான் கத்துவேன். இரண்டு வருஷத்துக்கு ஜெர்மனியில் வேலை என்று வந்ததும் அதை எங்களிடம் கொண்டுவந்து விட்டாள். விட்டுவிட்டுக் கார் ஏறும்போது அவள் அழுதது அதற்காகத்தான். எங்களுக்காக இல்லை. எனக்கு அன்றைக்கு அந்தக் கோபம் வேறு.

நாய் என்றால் எங்கள் வீட்டில் மிச்சச் சோறுதான். மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்து போடுவேன், ஞாயிற்றுக்கிழமை கோழி எலும்பு. மூன்று மாதத்தில் அவனுக்கு முதுகில் முடி கொட்டி, சொறிந்து சொறிந்து புண்ணானது. வீடியோவில் பார்த்துவிட்டு மகள் பதறிப்போனாள். அன்றிலிருந்து அவளுக்கு அதே வேலையாகிவிட்டது. கடையில் விற்கிற நாய்த் தீனிகளில் எது நல்லது என்று ஒரு மாதம் உட்கார்ந்து படித்தாள். வேலை முடிந்து வந்து, சமைக்காமல்கூட, ஒவ்வொரு பையின் பின்பக்கத்தையும் படம் பெரிதாக்கிப் படிப்பாள். எழுதியிருக்கிற பொருள்களில் முதலாவதாக இறைச்சி இருக்கிறதா, வெறும் சோளமும் கோதுமையுமா, நிறம் சேர்த்திருக்கிறானா, இது முழுச் சாப்பாடா, இல்லை சும்மா தின்பண்டமா, அவன் வயசுக்கும் எடைக்கும் பொருந்துமா, எங்கே செய்தது, எப்போது செய்தது என்று ஒழுங்காகப் போட்டிருக்கிறானா. இரண்டு மருத்துவர்களிடம் போனில் கேட்டாள். எனக்கு இவள் பள்ளிக்கூடத்தில் பொதுத்தேர்வுக்குக்கூட இப்படிப் படித்ததாக நினைவில்லை.

"பட்டுக்கோட்டை ரோட்டுல ஒரு கடையில கிலோ கணக்குல அள்ளித் தர்றான்டி, பாதி வெலை" என்றேன்.

"லூஸ்ல வாங்கவே கூடாதும்மா. எப்பப் பிரிச்சான், எங்க வச்சிருந்தான், யாருக்குத் தெரியும்?"

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்தே பணம் கட்டி, பதினைந்து கிலோ பையாக வீட்டுக்கு வரவைத்தாள். வந்த அன்றைக்கே குரல் பதிவு ஒன்று அனுப்பினாள். "அம்மா, பையை மாத்தாத. அதுக்குள்ளயே இருக்கட்டும். வாயை நல்லா மடிச்சு கிளிப் போடு. டப்பாவுல வைக்கணும்னா பையோட தூக்கி டப்பாவுல வை. ஈரம் படற எடத்துல வைக்காத." இரண்டு தடவை சொன்னாள். எனக்கே பாடம் எடுக்கிறாளே என்று பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

நன்றாகத்தான் இருந்தது. ஒன்றரை மாதத்தில் முதுகில் முடி முளைத்தது. முதல் பை தீர்ந்து இரண்டாவது பை, இரண்டாவது தீர்ந்து மூன்றாவது. என் கணவர் காலையில் நடக்கப் போகும்போது அவனும் வாய்க்கால் கரைவரை போய் வருவான். மத்தியானம் நான் களத்துக்குப் போனால் அங்கேயும் வந்து நிழலில் படுத்திருப்பான். வாயால் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், வீட்டில் ஒரு ஆள் கூடிவிட்டது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

மூன்றாவது பையைப் பிரித்தபோதுதான் என் கெட்டிக்காரத்தனம் தொடங்கியது. அந்த பிளாஸ்டிக் பையை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. தானியம் மூச்சுவிட வேண்டும். இறுக்கிக் கட்டினால் புழுங்கிப் போகும். இது எங்களுக்கு அரிச்சுவடிப் பாடம். அதனால் சுத்தமான ஒரு சணல் சாக்கில் கொட்டி, நெல் அறையில் மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். கம்பெனிப் பையைக் கிழித்துக் கோழிக்கூண்டுக்குக் கூரையாகப் போட்டேன். பெருமையாக இருந்தது.

அந்த வருஷம் குறுவை அறுப்பு நடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. அறுத்துப் போட்ட நெல் நனைந்து, ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. நான் உட்காரவில்லை. ஒருநாள் வெயில் கிடைத்தாலும் ரோட்டில் படுதா விரித்துக் கொட்டி, மணிக்கொருதரம் காலால் துழாவி விட்டு, வானம் கறுத்தால் அள்ளி, வெளுத்தால் விரித்து, ஒரு மூட்டைகூடத் திரும்பாமல் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு வந்தேன். இரண்டு வாரம் இடுப்பு என்னுடையதாக இல்லை. ஆனால் ஜெயித்தது நான்தான்.

அந்தச் சந்தோஷத்தோடு நெல் அறையைப் பெருக்கப் போனபோதுதான் பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒரு விரிசல், அதன் வழியாக ஒழுகி, நாய்ச் சாக்கின் அடி முழுக்க நனைந்திருந்தது. எத்தனை நாள் நனைந்து கிடந்ததோ தெரியாது. கையை விட்டால் உள்ளே கதகதவென்று இருந்தது. உருண்டைகள் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. ஊறிப்போன புண்ணாக்கு வாடை.

எனக்கு ஒரு வினாடிகூட யோசனை வரவில்லை. மழை விட்டு வெயில் அடித்த அன்று மொட்டை மாடியில் அதே படுதாவை விரித்தேன், கொட்டினேன், காலால் துழாவினேன். இரண்டு நாள் நல்ல வெயில். முறத்தில் போட்டுப் புடைத்தேன், வெள்ளைத் தூசியெல்லாம் பறந்துபோனது. பிறகு ஒரு உருண்டையை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தேன். மொறுமொறுவென்றிருந்தது.

"அதையும் கடிச்சுப் பாக்குறியா?" என்றார் கணவர், மாடிப்படியில் நின்றுகொண்டு.

"ஈரம் சுத்தமா எறங்கிடுச்சுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "கொட்டிட்டு வேற வாங்கிடலாமே" என்று ஒருமுறை சொல்லவும் செய்தார். அவருக்கு எதுவும் தெரியாது என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. "எட்டுக் கிலோவுக்கு மேல இருக்கு. நனைஞ்ச நெல்லையெல்லாம் கொட்டியிருந்தா நாம இத்தனை வருஷம் சோறு தின்னுருக்க மாட்டோம்" என்று வாயை அடைத்தேன்.

அன்று சாயங்காலம் வைத்தேன். மோந்து பார்த்தான். தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாள் காலையிலும் அப்படியே. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பசித்தால் தின்னட்டும் என்று வேறு எதுவும் போடவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் தட்டை அவன் முன்னால் நகர்த்தி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். "கொழுப்பா? தின்னுடா" என்றேன். என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தான். பிறகு தின்றான். மெதுவாக, தட்டில் பாதிவரை. நான் நிற்கிறேனா என்று இடையிடையே பார்த்துக்கொண்டே தின்றான்.

அப்புறம் தினமும் அப்படித்தான். நான் நின்றால் தின்பான், நகர்ந்தால் விட்டுவிடுவான். அதனால் நான் நின்றேன். சம்பா வயலில் களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது, தலைக்கு மேல் வேலை, அதற்கு நடுவிலும் நேரம் ஒதுக்கி நின்றேன். யாரோ ஒருத்தி அப்படிச் செய்தாள் என்று கேள்விப்பட்டிருந்தால் நானே அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

மூன்று வாரம் போல் ஆகியிருக்கும். நடக்கக் கூப்பிட்டால் வர மறுத்தான். வாந்தி எடுத்தான். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறும் மஞ்சள். மனுஷருக்கு வருகிற காமாலைதானே என்று வயல் வரப்பில் கீழாநெல்லி பறித்து வந்து அரைத்து, மோரில் கலக்கி வாயில் ஊற்றினேன். இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் காலை தார் மாதிரி கறுப்பாகக் கழிந்தான். அப்போதுதான் என் கணவர், வாழ்நாளில் இரண்டாவதோ மூன்றாவதோ தடவையாக, என்னைக் கேட்காமல் வாடகைக் காரைக் கூப்பிட்டார்.

ஒரத்தநாட்டில் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி. பார்த்தது ஒரு இளம் பெண் டாக்டர். ரத்தம் எடுத்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், என்ன சாப்பாடு என்று கேட்டார். நான் பையின் பெயரைச் சொன்னேன். "நல்ல சாப்பாடுதாங்க" என்றார். பிறகு, "எங்க வச்சிருந்தீங்க? மழையில நனைஞ்சுதா?" என்று கேட்டார்.

"நனைஞ்சுது. ஆனா நல்லா காய வச்சுட்டேன் டாக்டர். ரெண்டு நாள் வெயில்ல போட்டு, புடைச்சு எடுத்துட்டேன். பூஞ்சை துளி இல்ல." நான் இதைப் பெருமையாகத்தான் சொன்னேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "அம்மா, பூஞ்சை போயிடும். அது விட்டுட்டுப் போற விஷம் போகாதுங்க. வெயிலுக்கும் போகாது, அடுப்புல வச்சாலும் போகாது. கண்ணுக்கும் தெரியாது. புண்ணாக்குல இது வந்தா மாடே படுத்துடும். நாய்க்குக் கொஞ்சம் போதும், ஈரலைத் தின்னுடும். அந்தப் பைக்குள்ள உள்பக்கம் ஒரு பூச்சு இருக்கும், காத்தும் ஈரமும் போகாம. அதுக்காகத்தான் பையை மாத்தாதீங்கன்னு சொல்றது." கொஞ்சம் நிறுத்தி, "அவன் வேணாம்னு ஒதுக்கலையா? நாய்ங்க பெரும்பாலும் ஒதுக்கிடுங்களே" என்றார்.

என் கணவர் சுவரில் இருந்த மாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊசியும் குளுக்கோசும் ஏற்றி அனுப்பினார்கள், தினமும் கொண்டுவரச் சொன்னார்கள். காரில் என் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தான். அப்போது மகளின் போன் வந்தது.

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

"ஈரல் கெட்டுருக்காம்."

"எதனாலயாம்?"

"சாப்பாட்டுல ஏதோ விஷமாம்."

மெதுவாகக் கேட்டாள். "நான் அனுப்புனதுலயாம்மா?"

இதோ இந்த இடம்தான். வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "ம்" என்றேன். பொய்யும் இல்லை, அவள் அனுப்பியதுதானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் அவன் செத்துப்போனான். வாய்க்கால் கரையில், அவரும் அவனும் நடக்கப் போகிற வழியில், கணவரே குழி வெட்டினார். என்னை மண்வெட்டியைத் தொடவிடவில்லை.

மகள் விடவில்லை. கம்பெனிக்கு எழுதினாள். பையில் அச்சிட்டிருக்கிற தயாரிப்பு எண்ணைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். "பையைத் தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன். கோழிக்கூண்டின் மேல் அது கிடக்கிறது, மழைத் தண்ணீர் அதில் தேங்கி நிற்கிறது, நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் போனில் சொன்னேன். மறுநாள் அதை எடுத்துக் குப்பையோடு எரித்தேன். அந்தச் சாப்பாட்டைப் பற்றி வேறு எங்கிருந்தும் புகார் வரவில்லை என்று கம்பெனிக்காரர்கள் பதில் போட்டார்கள். பொய் சொல்கிறார்கள் என்று அவள் நாய் வளர்ப்பவர்கள் குழுக்களிலெல்லாம் எழுதினாள். அந்தச் சாப்பாட்டை எத்தனையோ பேர் நிறுத்திவிட்டார்களாம்.

மாதந்தோறும் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிவிட்டு வருகிறவள் நான். கோபப்பட்டேன், புறம் பேசினேன் என்று சொல்வேன். இதைச் சொல்லவில்லை. நாய்க் கதையெல்லாம் சாமியாரிடம் சொல்வார்களா என்று எனக்கு நானே ஒரு நொண்டிச் சமாதானம்.

மகளின் வாயிலிருந்து திரும்பத் திரும்ப ஒன்றே வரும். "ஒரு மாசம் படிச்சேம்மா. படிச்சுப் படிச்சு விஷத்தை எடுத்து அனுப்பியிருக்கேன்." நான் "விடு, போனது போச்சு" என்பேன். நாலு தடவை சொல்ல வந்து நாலு தடவையும் பேச்சை மாற்றினேன். தள்ளிப்போடப் போட, சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது.

ஜெர்மனி வேலை முடிந்து திரும்பியவள், சென்னையில் இறங்கி ஊருக்கு வரும்போதே ஒரு குட்டியைக் கையோடு கொண்டுவந்தாள். வீட்டில் இருந்தபடியே வேலை என்பதால் எங்களோடு தங்கினாள். எனக்கு உள்ளூர நிம்மதி. சரி, ஆறிவிட்டாள் என்று நினைத்தேன். ஆனால் குட்டிக்குப் பால் சோறு மட்டும்தான் போட்டாள். ஆவி பறக்க அவளே வடித்து, அவளே பிசைந்து. பையில் வருவது எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றாள்.

இரண்டு மாதத்தில் குட்டியின் முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கமாக வளைந்தன. வயிறு மட்டும் உப்பியிருந்தது. குதிக்கிற வயசில் குதிக்காமல் உட்கார்ந்தே இருந்தது. அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம், அதே டாக்டர். எலும்புக்குச் சத்து போதவில்லை, வளர்கிற குட்டிக்குப் பால் சோறு பற்றாது, குட்டிகளுக்கென்று செய்த முழுச் சாப்பாட்டைக் கொடுங்கள், இப்போது ஆரம்பித்தால் கால் நிமிர்ந்துவிடும், தள்ளிப்போட்டால் இப்படியே நின்றுவிடும் என்றார். ஒரு தாளில் மூன்று பெயர் எழுதித் தந்தார். நல்லவேளை, பழையதை டாக்டர் கிளறவில்லை. நல்லவேளை என்று அன்றைக்கும் நினைத்தேன், பாருங்கள்.

வீட்டுக்கு வந்து மகள் அந்தத் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனை எடுத்தாள், ஒரு பையின் படத்தைப் பெரிதாக்கினாள், கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். ஒரு மணி நேரம் அப்படியே. பிறகு தாளை என் பக்கம் தள்ளினாள்.

"நீயே ஒண்ணைச் சொல்லும்மா. நான் எடுத்தா இதுவும் செத்துடும்."

குட்டி அவள் காலடியில், வளைந்த கால்களை நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"நீ எடுத்தது நல்ல சாப்பாடுதான்" என்றேன். "நான்தான் சாக்குல கொட்டி நனைய விட்டேன். பூஞ்சை பூத்ததை மாடியில காய வச்சு மறுபடி அவனுக்குப் போட்டேன். டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாங்க. நான்தான் உங்கிட்ட சொல்லல."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குப் பதிலுக்குக் கத்தத் தெரியும், அழவும் தெரியும். அவள் கத்தவில்லை. குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவன் வேணாம்னு சொன்னானாம்மா?"

"சொன்னான்" என்றேன். "நான் கிட்ட நின்னு திங்க வச்சேன்."

அவள் எழுந்தாள். தாளை எடுத்து, அதில் இரண்டாவதாக இருந்த பெயரைச் சுற்றி வட்டம் போட்டாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கடைக்குப் போய்ப் பிரிக்காத பை ஒன்றை வாங்கி வந்து, தன் அறையில் வைத்துப் பூட்டினாள். மூன்று மாதமாகிறது. குட்டியின் கால் ஏறக்குறைய நிமிர்ந்துவிட்டது, இப்போது ஓடுகிறது. மகள் என்னோடு பேசுகிறாள், சாப்பிடக் கூப்பிடுகிறாள், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. குட்டிக்குத் தட்டு வைக்கிற நேரத்தில் மட்டும் நான் அந்தப் பக்கம் போனால், "நீ கொஞ்சம் உள்ள இரும்மா, அது தானா சாப்பிடட்டும்" என்கிறாள். நான் உள்ளே வந்துவிடுகிறேன்.